சுடுகாட்டு மேட்டில் கிடைத்த டவர்

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அஞ்சாவதோடு நின்றுவிட்டவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சம், எழுத எங்கிருந்து வரும்? பாதி மறந்தும் போகிறது. ஊருக்கு நெட் வந்த கதையை எழுதிக் கொடுங்கள் என்று நூலகத்தில் எல்லாரிடமும் கேட்டார்கள். சந்தோஷமான கதையைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். எனக்குத் தெரிந்தது இதுதான்.

தாம்பரத்தில் ஒரே பஸ் ஏறினால் எங்கள் ஊர். அவ்வளவு பக்கத்தில் இருந்தும் எங்களுக்கு டவர் கிடையாது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். நடுவில் குன்றும் காடும் மறைக்கும். காட்டாங்குளத்தூர் காலேஜுக்குப் போகிற பிள்ளைகளின் போனெல்லாம் பஸ் மெயின் ரோடு ஏறின பிறகுதான் ஒன்றாகக் கத்தும். ஊருக்குள் டவர் கிடைத்த ஒரே இடம் சுடுகாட்டு மேடு.

ஆம்பளைகள் அங்கே போய்ப் பேசுவார்கள். ரேஷன் கடைக்காரர்கூட கைரேகை மெஷினைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் போவார். "உசுரோட கீறவன் கியூ கட்டி நிக்கிற சுடுகாடு நம்மூர்ல மட்டும்தாம்பா" என்று சிரிப்பார்கள். பொம்பளைகள் போனதில்லை. எங்கள் வழக்கத்தில் தெருமுனை வரைக்கும்தான். என் வீட்டுக்காரரை எடுத்தபோதும் நான் தெருமுனையிலேயே நின்றுவிட்டேன்.

எனக்கு ஒரே மகள். அவள் புருஷன் விட்டுவிட்டுப் போனதும் வெளிநாட்டில் ஒரு வீட்டில் வேலைக்குப் போனாள். கீழ்க்கட்டளையில் ஒரு ஏஜெண்ட் அனுப்பிவைத்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் அவளுக்கு லீவு, அப்போதுதான் போன் கையில் கிடைக்கும். முதலில் என் கொழுந்தனார்தான் என் போனை வாங்கிக்கொண்டு மேட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வருவார்.

"இன்னா சொன்னா?"

"நல்லா கீறாளாம் அண்ணி."

"சாப்ட்டாளாமா?"

"கேக்கலியே."

"வேற இன்னாதான் கேட்ட?"

"அங்க வெயிலான்னு கேட்டேன். வெயிலாம்."

பெற்றவளுக்கு இது போதுமா? ஒரு வெள்ளிக்கிழமை நானே கிளம்பிவிட்டேன். வீட்டில் விளக்கேற்றுகிற நேரம். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தோப்பு வழியாக நடந்தேன். கொழுந்தனார் பின்னாலேயே ஓடி வந்தார். "அண்ணி, வேணாம். வெள்ளிக்கெழம வேற. ஊரு சிரிக்கும்." சிரித்தால் சிரிக்கட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நிற்காமல் நடந்தேன், அவ்வளவுதான்.

எரிமேடைக்கு முன்னால் ஒரு கல் கிடக்கும். அதில் உட்கார்ந்தால்தான் டவர் நிற்கும். எரிமேடை முதுகுக்குப் பின்னால் போய்விடும். போனில் என் மகளின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து உடைந்து வந்தது. அம்மா என்று கேட்கும், அப்புறம் காற்று. நல்லா இருக்கேன் என்று கேட்கும், மறுபடியும் காற்று. அதற்கே எனக்கு உயிர் வந்தது. திரும்பி வந்து, வாசல் மிதிக்காமல் பின்பக்கம் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். அப்புறம் வெள்ளிக்கிழமை தோறும் இப்படித்தான். பக்கத்து வீட்டுப் பெண், "இன்னா பெரிம்மா, அங்கயே ஒரு குடிசை போட்டுடேன்" என்று கிண்டல் செய்வாள்.

ஒருநாள் பேசிக்கொண்டிருக்கும்போதே என் மகள் நிறுத்தினாள்.

"எம்மா, உனக்குப் பின்னால யாரோ நிக்கறாங்க."

சட்டென்று திரும்பினேன். எரிமேடை, சாம்பல், உடைந்த பானை ஓடு. ஒரு நாய்கூட இல்லை.

"யாரும் இல்லியேடி."

"அப்பா மாதிரி இருந்துச்சிம்மா."

அவரை அங்கேதான் எரித்தார்கள். அடுத்த வாரமும் சொன்னாள். அதற்கப்புறம் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சொல்வாள். போகப் போக எனக்குப் பயம் போய்விட்டது. திரும்பிக்கொண்டு அவரிடமே பேச ஆரம்பித்தேன். "வந்துட்டியா? பொண்ணு அவ்ளோ தூரத்துல கீது. நீதான் பாத்துக்கணும்" என்பேன். தெருமுனையில் விட்டவரை மறுபடி பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

அப்புறம்தான் நெட் வந்தது. மெயின் ரோட்டிலிருந்து கரண்டுக் கம்பத்தில் கட்டிக்கட்டிக் கறுப்பு வயரை இழுத்து வந்தார்கள். முதலில் பள்ளிக்கூடத்துக்கும் பஞ்சாயத்து ஆபீசுக்கும் கொடுத்தார்கள், அப்புறம் கேட்ட வீடுகளுக்கு. எங்கள் பீரோ மேலும் ஒரு பெட்டி வந்து உட்கார்ந்தது. "இனிமே வாரா வாரம் நீ தல முழுவ வேணாம் அண்ணி" என்றார் கொழுந்தனார்.

அந்த வெள்ளிக்கிழமை விளக்கை ஏற்றிவிட்டு, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன். போன் அடித்தது. அவள் முகம் முழுசாக வந்தது. உடையவில்லை, நடுங்கவில்லை. கன்னம் ஒட்டிப்போய்க் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"இன்னாடி இப்டி எளச்சிட்ட?"

"அதெல்லாம் இல்லம்மா. போன்ல அப்டித் தெரியுது."

சொல்லும்போதே அவள் உதடு கோணியது. "எம்மா, உனக்குப் பின்னால யாரோ நிக்கறாங்க பாரு" என்றாள்.

என் முதுகு சுவரோடு ஒட்டியிருந்தது. நான் திரும்பவில்லை.

நான் திரும்பாததை அவள் பார்க்கவில்லை. அதற்குள் தலை குனிந்து, சட்டைக் கையால் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கிவிட்டாள். சட்டைக் கை நழுவியது. முழங்கைக்குக் கீழே இஸ்திரிப் பெட்டியின் மூக்கு அப்படியே பதிந்த சூடு. பக்கத்தில் ஆறிப்போன பழசு ஒன்று.

நிமிர்ந்தபோது நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேட்டில் என்றால் காற்றாவது கேட்கும். "யார்கிட்டயும் சொல்லாதம்மா" என்று சொல்லிக் கட் செய்துவிட்டாள்.

சொன்னேன். மறுநாளே கொழுந்தனாரைக் கூட்டிக்கொண்டு கீழ்க்கட்டளைக்குப் போனேன். அங்கே பாஸ்போர்ட்டோடு ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஏஜெண்ட், "போன வாரம்கூட விசாரிச்சேன்மா, சௌக்கியமா இருக்காங்க" என்றார். கொழுந்தனார் தலையைச் சொறிந்தார். வெளி ஆள் முன்னால் நான் அதுவரை சத்தம் போட்டதில்லை.

"நான் பாத்தேன்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "கண்ணால பாத்தேன் சார். எம் பொண்ணு கையில இஸ்திரிப் பெட்டியால சூடு வச்சிகீறாங்க."

உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி எழுந்து, "எந்த வூடும்மா? எந்த ஊரு?" என்று கேட்டாள். அதற்கப்புறம்தான் ஏஜெண்ட் போனை எடுத்தார்.

அவள் வந்து சேர மாசக்கணக்கில் ஆனது. இப்போது காலேஜ் ஹாஸ்டல் சமையலுக்குப் போகிறாள். முழுக்கை ஜாக்கெட்தான் போடுகிறாள். அங்கே நடந்ததைச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. மேட்டுக்கு இப்போது யாரும் போவதில்லை, புல் ஏறிவிட்டது.

ஆனால் நான் இன்னும் அந்தக் கல்லிலிருந்து எழுந்திருக்கவில்லை. வெறும் எரிமேடையைப் பார்த்து நான் சிரித்துப் பேசின ஒவ்வொரு தடவையும், என் முதுகுக்குப் பின்னால் போனில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இட்லி ஊற்றும்போது, பஸ்சுக்கு நிற்கும்போது, அது தெளிவாகத் தெரிகிறது. அவர் அங்கே வந்ததே இல்லை என்பது இன்னொரு துக்கம். அதை யாரிடம் சொல்வது?

வயர் வந்தது பொங்கலுக்கு முன்னாலா பின்னாலா, பள்ளிக்கூடத்துக்கு முதலில் கொடுத்தார்களா ஆபீசுக்கா, சரியாக ஞாபகம் இல்லை. பஞ்சாயத்தில் விசாரித்து யாராவது திருத்திவிடுங்கள். ஏஜெண்ட் ஆபீசில் பேசினதைக் கொழுந்தனாரிடம் கேட்டுக்கொள்ளலாம். என் மகளிடம் மட்டும் எதுவும் கேட்க வேண்டாம்.