கவிழ்த்துப் போட்ட உரல்

ஐம்பதுகளின் கடைசியில், ஆமத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமத்தில் இருந்த பிரசவ நிலையத்தில் நான் நர்ஸாக வேலை பார்த்தபோது நடந்தது இது. அப்போது எனக்கு வயது முப்பத்து மூன்று. என் மூட்டுகளுக்கு மட்டும் எழுபது இருக்கும்.

கணவர் இறந்த மறுவருஷம் அந்த வியாதி வந்தது. முதலில் வலது கைக் கட்டைவிரல், பிறகு மணிக்கட்டு, கடைசியில் இரண்டு முழங்கால்களும். மதுரையில் ஒரு பெரிய டாக்டர் என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது போகிற வியாதி இல்லை, சேர்ந்து வாழப் பழகிக்கொள்ளுங்கள் என்றார். கல்யாணத்துக்கு முதல்நாள் பெண்ணுக்குச் சொல்கிற புத்திமதி போல இருந்தது. வயிற்றைப் புண்ணாக்குகிற வெள்ளை மாத்திரை கொஞ்சம் கொடுத்தார்.

சேர்ந்து வாழ்வது என்றால் என்ன என்று காலை வேளைகள்தான் எனக்குக் கற்றுக் கொடுத்தன. விடிவதற்கு முன்பே விழித்துவிடுவேன். விழித்துவிடுவேனே தவிர எழுந்திருக்க முடியாது. மடங்கிய விரல் நிமிராது, நீட்டிய கால் மடங்காது. மெல்ல உருண்டு, கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்து, அடுப்பில் தண்ணீர் வைத்து, அந்த வெந்நீரில் கைகளை அமுக்கிக்கொண்டு ஜெபம் சொல்வேன். ஜெபம் முடியும்போது புடவைக் கொசுவம் பிடிக்கிற அளவுக்கு விரல்கள் இளகியிருக்கும். ரவிக்கையில் கொக்கிகளைப் பிரித்துவிட்டு நாடா தைத்துக்கொண்டேன். துவைத்த துணியைப் பிழிய முடியாததால் சொட்டச் சொட்டக் கொடியில் போடுவேன். மாதா கோயிலில் எல்லாரும் முழங்காலிடும்போது நான் பெஞ்சைப் பிடித்தபடி குனிந்து நிற்பேன்.

ஒன்று மட்டும் என்னால் முடியவே முடியாது. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. நிலையத்தில் உயரமான இரும்புக் கட்டில் இருந்ததால் நின்றபடியே பிரசவம் பார்த்துவிடுவேன். வீடுகளுக்குப் போக வேண்டி வந்தால் நிலையத்தில் எனக்கு உதவிக்கு இருந்த ஆயா கீழே உட்கார்ந்து கைவேலையைச் செய்வார், நான் குனிந்து நின்று சொல்லிக்கொண்டிருப்பேன். என் வியாதி அவர் ஒருவருக்குத்தான் தெரியும். தரையில் உட்கார முடியாத நர்ஸை அந்தப் பக்கத்தில் யார் வைத்துக்கொள்வார்கள்? வேலை போனால் விருதுநகரில் விடுதியில் தங்கிப் படித்த என் மகளின் கதி என்ன? அதனால் வாயைத் திறக்கவில்லை.

கர்ப்பிணிகளைப் பார்க்க வீடு வீடாகப் போவதும் என் வேலைதான். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் பாயை விரிப்பார்கள். அடுத்து மோரோ காப்பியோ வரும். நான் பாயிலும் உட்கார மாட்டேன், மோரையும் தொட மாட்டேன். மோர் குடித்தால் சற்று நேரத்தில் கருவேலங்காட்டுப் பக்கம் ஒதுங்க வேண்டி வரும். ஒதுங்கினால் குத்தவைத்து உட்கார வேண்டும். வெயிலில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், ஆனாலும் வேண்டாம் என்று சிரித்துவிட்டு நின்றபடியே பேசிவிட்டு வந்துவிடுவேன்.

ஊர் அதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வெள்ளைப்புடவை கட்டின அம்மாவுக்கு நம் வீட்டுப் பாய் ஆகாது, நம் வீட்டுத் தண்ணீர் இறங்காது என்று பேசிக்கொண்டார்கள். யார் வீட்டில் யார் உட்காரலாம், யார் கையால் யார் குடிக்கலாம் என்பதெல்லாம் ரத்தம் வருகிற விஷயமாக இருந்த காலம். காது கேட்காதவள் போல நடந்தேன். திமிர் பிடித்தவள் என்று பேர் வாங்கினாலும் வேலை நிலைக்கும், நோயாளி என்று பேர் வாங்கினால் நிலைக்காது.

அந்த ஊரில் ஒரு வீட்டு மாமியாருக்கு மட்டும் என் மேல் ஆறாத கோபம். மருமகள் தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சி அடுக்கப் போகிற பெண், தலைப்பிரசவம். ஏழாம் மாதம் நான் பார்க்கப் போனபோது அந்த அம்மாள் பரணிலிருந்து புதுப் பாய் எடுத்து விரித்தார், தேய்த்து மின்னிய செம்பில் மோர் கொண்டுவந்து நீட்டினார். நான் வழக்கம்போல நின்றேன், வழக்கம்போல வேண்டாம் என்றேன். அவர் என் கண் முன்னாலேயே பாயைச் சுருட்டிச் சுவரில் சாத்தினார்.

“எங்க வீடு ஒட்டிக்கிடும்னு பயப்படுதீக போல. சரி, நிக்கிறவுக நில்லுங்க” என்றார்.

பிரசவத்துக்கு என் நிழல்கூட அந்த வாசலில் விழக் கூடாது என்று பிறகு கிணற்றடியில் சொல்லியிருக்கிறார்.

ஒரு நாள் விடியற்காலையில் அந்த வீட்டு மகன் மாட்டுவண்டியோடு நிலையத்துக்கு வந்து நின்றார். கம்பெனிக்குக் குச்சி லோடு அடிக்கிற வண்டி.

“அம்மா, நேத்து மத்தியானம் வலி கண்டது. உள்ளூர்ல பிரசவம் பாக்குறவுக கைய விரிச்சிட்டுப் போயிட்டாக. அவ துவண்டு கெடக்கா. எங்க ஆத்தாளுக்குத் தெரியாமத்தான் வந்தேன்” என்றார்.

ஆயா ஒரு கல்யாணத்துக்காகச் சிவகாசி போயிருந்தார். என் கைகளோ இன்னும் வெந்நீரைப் பார்க்கவில்லை. போகாமல் இருந்தால் இரண்டு உயிர். போனால் தரையில் உட்கார வேண்டும், அதோடு எல்லாம் வெளியே வந்துவிடும். பையை அவரிடம் கொடுத்தேன். வண்டியில் ஏற முடியாமல் நான் தயங்கியதைக் கௌரவம் என்று நினைத்தாரோ என்னவோ, குச்சிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் படி போலப் போட்டார். வண்டிப்பாதை மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் முழங்காலில் யாரோ ஆணி அறைவது போலிருந்தது.

வாசலில் மாமியார். மகனை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை.

“வந்துட்டீகளா. நின்னுக்கிட்டே பாத்துருவீகளோ?”

நான் இரண்டு பானையில் வெந்நீர் கேட்டேன். பிள்ளைக்கு என்று நினைத்துக்கொண்டு ஓடினார். முதல் பானை என் விரல்களுக்கு.

உள்ளறையில் தரையில் விரித்த சாக்கின் மேல் அந்தப் பெண் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. என்னைப் பார்த்ததும், “அக்கா, போயிராதீக” என்றாள். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு யோசிக்க ஒன்றும் இல்லை. சுவரைப் பிடித்துச் சறுக்கினேன். முழங்கால் நொடித்த சத்தம் எனக்கே கேட்டது. கால்களை மடக்க முடியாமல் இரண்டு பக்கமும் நீட்டிப் போட்டுக்கொண்டு அவள் முன்னால் உட்கார்ந்தேன்.

வயிற்றைத் தொட்டதும் விஷயம் புரிந்தது. வலி கண்டதிலிருந்து அவளைச் சிறுநீர் கழிக்க எழுப்பவே இல்லை. சிறுநீர்ப்பை நிரம்பிப் பிள்ளையின் வழியை அடைத்துக்கொண்டிருந்தது. கொதிக்க வைத்த ரப்பர் குழாயைப் போட்டு அதை வடித்தேன். பிறகு மாமியாரை அவள் முதுகுக்குப் பின்னால் உட்காரவைத்து, கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். வெயில் முற்றத்தில் இறங்குகிற நேரத்தில் பிள்ளை வந்தது. பெண் பிள்ளை. கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. எடுத்துவிட்டேன். அழவில்லை. வாயைத் துடைத்து, முதுகைத் தேய்த்து, உள்ளங்காலைச் சுண்டி, மாதாவே மாதாவே என்று நான் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் பூனைக்குட்டி போல ஒரு சத்தம் வந்தது. அப்புறம் வீடே அதிரும்படி அழுதது.

தொப்புள்கொடிக்கு நூல் கட்ட வேண்டும். நூல் என் விரல்களில் நிற்கவில்லை, வழுக்கி வழுக்கி விழுந்தது. வேறு வழியில்லாமல் மாமியாரைக் கூப்பிட்டு, கையைக் கழுவச் சொல்லி, ஒரு முனையை அவரிடம் கொடுத்தேன். இழுங்கம்மா, இன்னும் இறுக்கி இழுங்க என்றேன். இழுத்தவர் முடிச்சைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார்.

“என்னம்மா இது, வெரலா இஞ்சியா?” என்றார். நான் கத்தரியை எடுத்துக்கொண்டேன்.

நஞ்சுக்கொடியும் விழுந்தது. பெண்ணைத் துடைத்துப் படுக்கவைத்தாயிற்று. எல்லா வேலையும் முடிந்த பிறகும் நான் தரையில் இருந்தேன். பையில் இருந்ததையெல்லாம் எடுத்து அடுக்கினேன். அடுக்கினதைத் திரும்ப எடுத்தேன்.

“எந்திரிங்க, கை களுவுங்க” என்றார் மாமியார்.

“கொஞ்ச நேரம் ஆகட்டும்.”

“ஏன், இப்ப எங்க வீட்டுத் தரை பிடிச்சுப்போச்சாக்கும்?”

கேலியாகத்தான் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. “என்னால எந்திரிக்க முடியலம்மா” என்றேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று இத்தனை காலம் கட்டிக் காத்தது அவ்வளவு லேசாக வெளியே வந்துவிட்டது.

அவர் கையில் இருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

“அன்னைக்கு உக்காராதது இதுக்குத்தானா?”

“ஆமா.”

“அந்த மோரு?”

“குடிச்சா ஒதுங்கணும். ஒதுங்கினா குத்த வைக்கணும்.”

பக்கத்தில் பிள்ளை சிணுங்கிக்கொண்டிருந்தது.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. நான் ஊரெல்லாம் உங்களப் பேசிட்டேன். எம் மருமகளயும் சாவக் குடுக்கப் பாத்தேன்” என்றார். சொன்னால் வேலை போய்விடும் என்றேன். மகள் இருப்பதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் எழுந்து என் பின்னால் வந்து, மருமகளைத் தாங்கிய மாதிரியே கக்கத்தில் கைகொடுத்து என்னைத் தூக்கி நிறுத்தினார். நான் நிற்கிற வரைக்கும் பிடியை விடவில்லை.

பிள்ளையைப் பார்க்க அடுத்த வாரம் போனபோது வாசலுக்கு உள்ளே கல் உரல் தலைகீழாகக் கவிழ்ந்திருந்தது. மேலே நாலாக மடித்த சாக்கு. உரலில் உட்காருவது வீட்டுக்கு ஆகாது என்று அந்தப் பக்கத்தில் குழந்தைகளைக்கூட அடிப்பார்கள். நான் தயங்கினேன்.

“கவுத்திப் போட்டுட்டா அது வெறுங்கல்லு. உக்காருங்க” என்றார்.

உட்கார்ந்தேன். எழுந்திருக்கச் சரியான உயரம். அவர் தணிந்த குரலில், கொல்லையில் நான் ஒதுங்குவதற்கு ஓலைத் தட்டி கட்டி, இரண்டு கல்லை உயர அடுக்கி வைத்திருப்பதாகவும், நாற்காலியில் உட்காருகிற மாதிரி உட்காரலாம் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு உள்ளே போய் அதே செம்பில் மோர் கொண்டுவந்தார். அதை ஒரே மூச்சில் குடித்தேன். அந்த ஊரில் அடுத்தவர் வீட்டில் நான் குடித்த முதல் வாய் அதுதான்.

அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் உரல் கவிழ்ந்திருந்தது. எனக்குப் பகீர் என்றது, விஷயம் ஊருக்கே தெரிந்துவிட்டதோ என்று. விசாரித்தால், தரையில் உட்காருவதில்லை என்று நர்ஸம்மா மாதாவுக்கு நேர்ந்திருக்கிறார் என அந்த மாமியார் சொல்லி வைத்திருக்கிறார். நேர்ச்சை என்றால் எங்கள் பக்கத்தில் மறுகேள்வி கிடையாது. மாதாவின் பேரில் அப்படி ஒரு பொய் ஓடுவது எனக்கு உறுத்தத்தான் செய்தது, ஆனால் நான் மறுக்கவில்லை. ஓய்வு பெறும்வரை அந்த வேலை என்னிடமே இருந்தது.

மூட்டுவலி இன்றைக்கும் என்னை விட்டுப் போகவில்லை. காலை வெந்நீரும் நாடா ரவிக்கையும் அப்படியே இருக்கின்றன. ஆனால் என் வீட்டுக்கு வருகிறவர்கள் உட்காராமல் நின்றால், கொடுத்ததைக் குடிக்காமல் வைத்தால், எனக்கு முகம் சுருங்குவதில்லை. இவருக்கு எந்த உயரம் சரிப்படும் என்றுதான் என் கண் வீட்டைச் சுற்றித் தேடுகிறது.