கம்பளிக்குள் வைத்த மாவு

பிள்ளைகள் பிறப்பதற்கு முன் ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை வேலையில் இருந்தேன். உதிரி பாகங்களை அளந்து பார்த்து, சரியில்லாததன் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். வேலையை விட்டேனே தவிர அந்தப் புத்தியை விடவில்லை.

ஏழு வயது மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே சொல்லிக்கொடுக்க முடிவெடுத்தபோது, என்னைவிட்டால் ஆளில்லை என்ற மிதப்பில் இருந்தேன். அவள் மெதுவாக எழுதுகிறவள். எழுதி முடிப்பதற்குள் போர்டை அழித்துவிடுகிறார்கள் என்று தினமும் அழுதாள். வீட்டில் யாரும் அழிக்கவில்லை. நான்தான் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு வட்டமாகப் போட்டுத் தள்ளினேன். மூன்றே மாதத்தில் நோட்டை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளிக்க ஆரம்பித்தாள். பிறகு எழுதுவதையே நிறுத்திவிட்டாள். என்ன கேட்டாலும் தரையைப் பார்ப்பாள்.

கணவர் பொறுமைசாலி. அவரும் ஒருநாள் சொல்லிவிட்டார்: "ஜூன் வரைக்கும் பாப்போம். அப்பவும் பென்சிலத் தொடலன்னா ஸ்கூலுக்கே அனுப்பிருவோம்."

அவர் சொன்னதில் தவறில்லை. அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது.

நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள். அங்கே ராத்திரி மாவை ஆட்டி வைத்தால் காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். ஓசூரின் மார்கழிக் குளிரில் அது வைத்தபடியே கிடந்தது. இட்லி கல்லாக வந்தது. நாலு வயது மகன் ஒன்றைத் தரையில் உருட்டி விளையாடினான். மாவையும் ஊரையும் சேர்த்து நான் திட்டிக்கொண்டிருந்தபோது மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏம்மா பொங்கல?"

"எனக்கென்னட்டி தெரியும்? குளிருதுல்லா."

"அப்ப சூடா வச்சா பொங்குமா? எங்க வச்சா?"

எத்தனையோ வாரம் கழித்து அவள் வாயிலிருந்து வந்த கேள்வி. எனக்கும் விடை தெரியாது என்பதால்தான் துணிந்து கேட்டாள் என்று இப்போது நினைக்கிறேன்.

அன்று மாலை ஆட்டிய மாவை மூன்று கண்ணாடி டம்ளர்களில் பாதி பாதி ஊற்றினோம். மாவு நிற்கும் மட்டத்தில் அவளே ரப்பர் பேண்டு மாட்டினாள். ஒன்றை ஜன்னலோரம் வைத்தோம், ஒன்றை ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், இன்னொன்றைக் கம்பளிக்குள் சுற்றி. கம்பளிதான் ஜெயிக்கும் என்று நான் அடித்துச் சொன்னேன். அவளும் அதையே சொன்னாள். பிறகு, நான் கேட்காமலே, காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துப் பின்பக்கம் எழுதினாள்: 'கம்பளி ஜெயிக்கும்.' எழுத்துகள் மேலும் கீழும் ஏறி இறங்கின. என் கை பரபரத்தது. கிரைண்டரைக் கழுவப் போய்விட்டேன்.

காலையில், ஃப்ரிட்ஜின் மோட்டார் சூட்டில் இருந்த டம்ளரில் மாவு ரப்பர் பேண்டுக்கு மேலே இரண்டு விரல் ஏறியிருந்தது. கம்பளி டம்ளரும் ஜன்னல் டம்ளரும் ஏறக்குறைய அப்படியே இருந்தன. அவள் கம்பளிக்குள் கையை விட்டுத் துழாவினாள்.

"இதுக்குள்ள சூடே இல்லம்மா. நம்ம உள்ள படுத்தாத்தான் சூடு வருது."

இத்தனை வருடம் கம்பளி போர்த்திய எனக்கு அது தோன்றியதில்லை. ஆனால் சந்தோஷப்பட முடியவில்லை. தாளில் எழுதியது தப்பு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இதையும் எங்கேயாவது சொருகிவிடுவாளோ என்று பகல் முழுக்கப் பயந்துகொண்டே இருந்தேன்.

நாலு மணிக்குக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த கணவர் ஷூவைக் கழற்றுவதற்குள் அவர் முகத்துக்கு நேரே தாளை நீட்டினாள்.

"அப்பா, நான் எழுதுனது தப்பு. அம்மா சொன்னதும் தப்பு."

"தப்புன்னு சொல்லுத, பொறவு எதுக்குச் சிரிக்க?"

"எது சரின்னு கண்டுபிடிச்சிட்டேன்ல."

அவர் என்னைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அதைக் கவனிக்கவில்லை. தாளைத் திருப்பி வாங்கித் தரையில் விரித்து, கீழே மிச்சமிருந்த இடத்தை விரலால் அளந்தாள்.

"பென்சில் எங்கம்மா?" என்று கேட்டாள்.