சித்தியின் சாவியும் அறுபத்து மூன்று போன்களும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், என் சித்தியின் ரகசியச் சாவி அறுபத்து மூன்று பேரின் போனுக்குப் போய்விட்டது. அனுப்பியது சித்தப்பா. சாவியைச் செய்து கொடுத்தது... நான்தான்.

சித்தியிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

சித்தி இருப்பது சீர்காழிப் பக்கம் ஒரு கிராமத்தில். மார்பில் ஒரு கட்டி. சதை எடுத்துப் பரிசோதித்த இடத்தில் 'சந்தேகமாக இருக்கிறது' என்றார்கள். சென்னையில் ஒரு பெண் டாக்டரிடம் இரண்டாவது கருத்துக் கேட்டோம். கறாரானவர். முடிவைப் பூட்டிய மெயிலில்தான் அனுப்புவார். அதற்கு ஒரு சாவி ஜோடி வேண்டும்.

ரகசியம் எங்களுக்கும் தேவைப்பட்டது. சித்தியின் மகள் அபி சிங்கப்பூரில் ஏழு மாதக் கர்ப்பிணி. "தெரிஞ்சா அடுத்த ஃபிளைட்ல வந்து நிப்பா. முடிவு தெரியிற வரைக்கும் யாரும் வாயத் தொறக்கக் கூடாது" — இது சித்தியின் உத்தரவு.

தஞ்சாவூரில் பஸ் ஏறினேன். பையில், வழக்கம்போல, செய்ய வேண்டியதை எல்லாம் எழுதிய ஒரு லிஸ்ட்.

சாவி ஜோடி என்றால் என்ன? ஒன்று பொதுச் சாவி. பெயர்தான் சாவி, செய்வது பூட்டின் வேலை. அதை டாக்டருக்குக் கொடுத்துவிட்டால் அவர் கடிதத்தைப் பூட்டி அனுப்புவார். இன்னொன்று தனிச் சாவி. திறப்பது அது மட்டும்தான். யாரிடமும் போகக் கூடாது. இரண்டையும் போனில் இருக்கும் பிரவுசரிலேயே செய்துகொள்ளலாம்; அதற்கென்று ஒரு வெப்சைட் இருக்கிறது.

"வெப்சைட்காரன் ஒரு காப்பி எடுத்து வெச்சுக்க மாட்டானா?" என்றார் சித்தி.

நல்ல கேள்வி. பக்கம் திறந்ததும் டேட்டாவை ஆஃப் செய்துவிட்டுப் பட்டனை அழுத்தினேன். நெட்டே இல்லாமல், இரண்டு விநாடியில் இரண்டு ஃபைல். பக்கத்தை மூடிய பிறகுதான் டேட்டாவை ஆன் செய்தேன்.

"போனுக்குள்ளயே செஞ்சுக்குதா... சரி."

பாஸ்வேர்டு கேட்டும் ஒரு பெட்டி இருந்தது. சித்தி மறந்துவிடுவாரே என்று காலியாக விட்டேன். என் லிஸ்ட்டில் அது இருந்தது. நான்தான் தாண்டிப் போனேன்.

கை கழுவிவிட்டு வருவதற்குள் சித்தப்பா சித்தியின் போனை எடுத்து, பொதுச் சாவியை டாக்டருக்கு அனுப்பிவிட்டார். அது சரி. கூடவே இரண்டு ஃபைலையும் அறுபத்து மூன்று பேர் இருக்கும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்.

"ஏன் சித்தப்பா?"

"தொலைஞ்சுடக் கூடாதுல்ல. பட்டா, சிட்டா, கேஸ் புக்கு எல்லாம் அங்கதான கெடக்கு."

உண்மைதான். நம் வீடுகளில் குடும்ப குரூப்தான் பீரோ. உங்கள் வீட்டில் எப்படி?

முதல் பதில் அபியிடமிருந்து. "அம்மா, என்ன ஃபைல் இது? ஒரே கிறுக்கலா இருக்கு."

சித்தி கலங்கவில்லை. டைப் செய்தார்: "பயிர் இன்சூரன்ஸ்."

அவ்வளவுதான். டெல்டாவில் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை.

உடனே அழித்தோம். ஆனால் பதினேழு பேர் பார்த்தாயிற்று. எத்தனை பேர் டவுன்லோட் செய்தார்களோ. அதற்குள் டாக்டர் கடிதத்தைப் பூட்டி அனுப்பியிருந்தால்? போன் போட்டேன்.

"இன்னும் எழுதவே இல்லம்மா. பழசைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு அனுப்புங்க" என்றார்.

அப்பாடா. எதையும் பூட்டுவதற்கு முன்னால் வெளியே போன சாவியால் ஒரு நஷ்டமும் இல்லை. புதிதாகச் செய்ய மறுபடியும் இரண்டு விநாடி.

இந்த முறை பாஸ்வேர்டும் உண்டு. "நீ அந்தப் பக்கம் திரும்பு" என்றார் சித்தி. சித்தப்பாவிடம், "நீங்களுந்தான்."

நாலு மணிக்கு மெயில் வந்தது. தமிழில் எழுதச் சொல்லியிருந்தோம். சித்தி போனோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"இவ்வளவு நேரமா படிக்கிறா..." என்றார் சித்தப்பா. மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது.

கதவு திறந்தது. "சாதாக் கட்டிதானாம். ஆறு மாசத்துக்கு ஒருக்கா பாத்துக்கிட்டா போதுமாம். ரெண்டு தடவை படிச்சுட்டேன்."

சித்தப்பா எழுந்திருக்கவில்லை. துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். சித்தி பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தோளில் கை வைத்தபடியே அபிக்கு போன் போட்டார். அபி முதலில் திட்டினாள், பிறகு அழுதாள், பிறகு மறுபடி திட்டினாள்.

ஆஸ்பத்திரியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். ரிப்போர்ட் வந்ததும் டாக்டர் "சார், நீங்க மட்டும் உள்ள வாங்க" என்று கணவரைத்தான் கூப்பிடுவார். பிறகு மகனுக்கு, மச்சினருக்கு, சம்பந்திக்கு... யாருடைய உடம்போ அவருக்குக் கடைசியில் வரும், அதுவும் பாதியாக.

அன்றைக்கு, சித்தியைப் பற்றிய சேதியை முதலில் படித்தவர் சித்தி.