அப்பா பெயர் வெட்டிய பெஞ்சு

எங்கள் பக்கத்தில் மேட்டு லைன் என்றால் தெரியாதவர்கள் கிடையாது. பழைய துறைமுகத்துக்கு உப்பு கொண்டுபோன ரயில் பாதை அது. தரையோடு போகாமல் கல் வளைவுகளின்மேல், ஒரு மாடி உயரத்தில், தெருவையும் உப்பு மூட்டை அடுக்கிவைக்கிற கிட்டங்கிகளையும் தாண்டிக் கடலைப் பார்த்துப் போகும். ரயில் வேறு வழியாகப் போக ஆரம்பித்த பிறகு தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்புறம் உடைமரமும் குப்பையும் நாய்களும்தான் அங்கே குடியிருந்தன. சமீபத்தில்தான் தெருவில் ஒரு கமிட்டி போட்டு அதைப் பூங்கா ஆக்கினோம். ஆக்கினோம் என்று என்னையும் சேர்த்துச் சொல்ல இப்போது நாக்கு கூசுகிறது.

உடைமரத்தை வெட்டுவதற்கு முன்னால், வளைவுக்கு அடியில் நிழலில் தெரு சனத்தை உட்காரவைத்து ஒரு கூட்டம் போட்டோம். யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டோம். பிள்ளைகள் ஊஞ்சல் கேட்டார்கள். இளவட்டங்கள் உடற்பயிற்சிக் கருவி கேட்டார்கள். கமிட்டியில் இருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் நூலகம் வேண்டும் என்று கால்மணி நேரம் பேசினார். கடைசியாக ஒரு அக்கா, தூணைப் பிடித்து நின்றபடியே, "முட்டு மடக்காம உக்காருத மாதிரி ஒரு எடம் போட்டுத் தாங்க. டாக்டரு தரையில உக்காரக் கூடாதுன்னுட்டாவ. வீட்டுக்குள்ள காத்து இல்ல. மேல நல்ல காத்து வரும்லா" என்றார். அன்றைக்கு யாரும் சிரிக்காமல் கேட்ட ஒரே கோரிக்கை அதுதான்.

அந்த அக்காவை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அப்பாவின் உப்புக் கிட்டங்கியில் வேலை பார்த்தவர். கிட்டங்கியில் மூட்டை பிடித்து, தலையில் ஏற்றி, சரிவில் ஏறி, மேட்டு லைனில் நிற்கும் வேகனில் கொண்டுபோய்ப் போட வேண்டும். பெண்கள்தான் அந்த வேலையைச் செய்தார்கள். அவர் கல்யாணத்துக்கு முன்னால் வந்தவர், கிட்டங்கியை மூடுகிறவரைக்கும் ஏறி இறங்கினார். முட்டு எங்கே போனது என்று கேட்க டாக்டர் தேவையில்லை.

அப்பா கெட்டவர் இல்லை. கூலியை இழுத்தடிக்கிற பழக்கம் அவரிடம் கிடையாது, வேலைக்காரர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் முதல் ஆளாகப் போய் நிற்பார். ஆனால் கிட்டங்கி ஆபீசில் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது, அதில் அவர் இருப்பார். தீபாவளி போனஸ் கொடுக்கும்போது பெண்கள் வரிசையாக மேசைக்கு முன்னால் வந்து நின்று வாங்கிக்கொண்டு போவார்கள். நானும் அப்படித்தான். கல்லூரி முடித்து, மீசை வைத்து, கல்யாணம் செய்த பிறகும் அப்பாவுக்கு முன்னால் நான் உட்கார்ந்தது கிடையாது. யாரும் உட்காராதே என்று சொன்னதில்லை. உட்கார வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அப்பா போன பிறகு உப்பை விட்டுவிட்டு நான் ஹார்டுவேர் கடை வைத்தேன். ஆகவே கமிட்டியில் கல், சிமெண்ட் என்று எது வந்தாலும் என் தலையில்தான் விழும். பெஞ்சு வேலையை நானே ஆசைப்பட்டு வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு குடும்பமும் தங்கள் வீட்டுப் பெரியவர் நினைவாக ஒரு பெஞ்சு போட்டால் என்ன என்று கேட்டேன். எல்லோருக்கும் வாயெல்லாம் பல். கோயிலுக்கு ஒரு மின்விசிறி கொடுத்தால் மூன்று இறக்கையிலும் உபயம் எழுதுகிற ஊர் எங்களுடையது. பெஞ்சு என்றால் விடுவார்களா?

கறுப்பு கிரானைட். முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. மேலே இடம் குறுகல் என்பதால் சாய்மானம் வைக்க முடியாது என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார். எழுத்து வெட்டுகிற ஆசாரி, "அண்ணாச்சி, பேரை எங்கன வெட்டட்டும்?" என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. "நட்ட நடுவுல, பெருசா வெட்டுங்க" என்றேன். பெயர், அதற்குக் கீழே தோற்றம், மறைவு. பெஞ்சு என் பொறுப்பு என்பதால் அப்பாவின் கல்லைச் சரிவு ஏறி முடிகிற இடத்தில், கடற்காற்று முதலில் வந்து அடிக்கிற இடத்தில் போட்டேன். அதில் எனக்கு ஒரு பெருமை. தினமும் கடை அடைத்துவிட்டு அந்தப் பக்கமாகப் போய் ஒரு துணியால் துடைத்துவிட்டு வருவேன்.

திறப்பு விழா ஜோராக நடந்தது. பூவரசும் புன்னையும் வைத்திருந்தோம். உப்புக் காற்றில் நிற்கிற மரம் அவைதான். பிள்ளைகள் ஊஞ்சலை விடவில்லை. சாயங்காலமானால் தெருவே மேலே ஏறி வந்தது. ஆனால் பெஞ்சில் மட்டும் ஒருவரும் உட்காரவில்லை. பூப்பாத்தியின் திட்டில் உட்கார்ந்தார்கள், தரையில் சேலையை விரித்து உட்கார்ந்தார்கள், கைப்பிடிக் கம்பியில்கூடக் குருவி மாதிரி வரிசையாக ஏறி உட்கார்ந்தார்கள். கறுப்புக் கல், வெயிலில் சுட்டிருக்கும் என்று நினைத்தேன். மழை பெய்து குளிர்ந்த நாளிலும் அதே கதைதான். எனக்குக் கோபம் வந்தது. நம்ம சனத்துக்கு எதைச் செய்து கொடுத்தாலும் அனுபவிக்கத் தெரியாது என்று கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பொருமினேன்.

நூலகம் கேட்ட வாத்தியார்தான் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். "வரிசையா கறுப்புக் கல்லு, பேரு, பொறந்த தேதி, செத்த தேதி. எங்க மாதா கோயில் கல்லறைத் தோட்டத்துக்கு வந்த மாதிரில்லா இருக்கு அண்ணாச்சி. நேத்து யாரோ உங்க அப்பா பெஞ்சுல ஒரு மெழுகுவத்தி கொளுத்தி வச்சிட்டுப் போயிருந்தாவ, பாத்தியளா?"

பார்த்திருந்தேன். வழிந்திருந்த மெழுகைக் காலையில் நகத்தால் சுரண்டி எடுத்தது நான்தான். ஏதோ சின்னப் பிள்ளைகளின் குறும்பு என்று எனக்கு நானே சொல்லியிருந்தேன். வாத்தியாரோடு சேர்ந்து சிரித்துவைத்தேன், ஆனால் மூஞ்சியில் ஈயாடவில்லை.

அன்று சாயங்காலமே அந்த அக்கா கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு எட்டாக வைத்து, சரிவில் ஏறி வந்தார். உப்பு மூட்டையோடு ஏறிய அதே சரிவுதான். இப்போது டைல்ஸ் போட்டிருக்கிறோம். மேலே வந்தவர் அப்பாவின் பெஞ்சுக்குப் பக்கத்தில் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது. நான் ஓடிப்போய், "உக்காருங்கக்கா, உங்களுக்காகத்தானே போட்டது" என்றேன்.

"இருக்கட்டும் சின்ன மொதலாளி. நிக்கேன்."

"முட்டு வலிக்கும்லா?"

"வலிக்கத்தான் செய்யுது. அதுக்காவ பெரிய மொதலாளி பேருமேல ஏறி உக்கார முடியுமா? சோறு போட்டாவல்லா."

"அக்கா, இது வெறும் கல்லுதானே."

அவர் என்னையும் பார்த்தார், கல்லையும் பார்த்தார். குத்தலாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற மாதிரி, "அப்பம் நீங்க மொதல்ல உக்காருங்க, பாப்போம்" என்றார்.

இதென்ன பெரிய விஷயம் என்று சிரித்துக்கொண்டே திரும்பி, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு குனிந்தேன். உடம்பு பாதியில் நின்றுவிட்டது. எனக்குக் கீழே அப்பாவின் பெயர் இருந்தது. பஸ் சீட்டில் ஈரத்தைப் பார்த்துவிட்டவன் மாதிரி, உட்காரவும் முடியாமல் நிமிரவும் முடியாமல் நின்றேன். இத்தனை நாள் ஊர் உலகத்தை எல்லாம் உட்கார் உட்கார் என்று திட்டியவன், ஒரு தடவைகூட அதில் உட்கார்ந்து பார்த்ததில்லை. துடைத்ததோடு சரி.

நான் நிமிர்ந்தபோது அக்கா கடல் பக்கம் திரும்பி நின்றார். நான் குனிந்ததையே பார்க்காத மாதிரி. அவர் வாய்விட்டுச் சிரித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு அவமானமாக இருந்திருக்காது.

மறுநாள் காலையில் அம்மாவிடம் சொன்னேன். கல்லைப் புரட்டிப் போடலாமா, சுவரில் பதிக்கலாமா என்று நான் அளந்துகொண்டிருந்தேன். அம்மா காப்பியை ஆற்றிக்கொண்டே, "அழிச்சிரு" என்றாள்.

"அப்பா பேரையாம்மா?"

"ரேசன் கார்டுல இருந்தே அவிய பேரை எடுத்தாச்சு. கல்லுல இருந்து எடுத்தா என்னலே கொறஞ்சு போவுது? புரட்டிப் போட்டா அடியில பேரு இருக்குன்னு அவளுக்குத் தெரியாதா? அவ முட்டு யாரு மூட்டைக்குப் போச்சுன்னு ஒனக்குத்தான் தெரியாதா?"

ஆசாரியைக் கூப்பிட்டேன். பெயரை வெட்டினவரே அழிக்க வந்தார். தேய்க்கிற மெஷின் போட்ட சத்தத்தில் ஊஞ்சலில் இருந்த பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். மறைவு போனது, தோற்றம் போனது, கடைசியில் பெயர் போனது. பெரிதாக வெட்டச் சொன்னதால் ஆழமாகவும் இருந்தது, சீக்கிரம் போகவில்லை. அந்த நேரத்தில் எனக்கு அக்காமேல்கூடக் கோபம் வந்தது, அதையும் மறைக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்தபோது சட்டையெல்லாம் கல் தூசி. அம்மா அதை வாங்கி நனைத்துப் போட்டாள்.

மற்றக் குடும்பங்கள் தங்கள் கல்லைத் தொடவிடவில்லை. என்னைப் பைத்தியக்காரன் என்றார்கள். எனக்கு அது ஒரு வகையில் திருப்தியாகவே இருந்தது. நான் மட்டும் சரியானதைச் செய்துவிட்டேன் என்ற நினைப்பு.

நாலைந்து நாள் போயிருக்கும். கடையைப் பையனிடம் விட்டுவிட்டுச் சரிவில் ஏறினேன். பாதியிலேயே சிரிப்புச் சத்தம் கேட்டது. அக்காவும், கூட வேலை பார்த்த இன்னும் இரண்டு பெண்களும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, காலைத் தொங்கப்போட்டு ஆட்டிக்கொண்டிருந்தார் அக்கா. மடியில் அவித்த கடலை. அவர் சத்தமாகச் சிரித்து நான் கேட்டதே இல்லை. கூட்டத்தில் அவர் கேட்டது இதுதான், கிடைத்துவிட்டது என்று மனசு குளிர்ந்தது. அதோடு நின்றிருக்கலாம். ஒரு நல்ல வார்த்தை சொல்வார்கள் என்று எதிர்பார்த்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மேலே ஏறினேன்.

அக்கா என்னைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. கால் கீழே செருப்பைத் தேடியது. கல்லில் கையை ஊன்றி எழுந்தார். முட்டு வலி பாதியில் பிடித்து நிறுத்த, பல்லைக் கடித்து மிச்சத்தையும் நிமிர்ந்தார். மற்ற இருவரும் அவருக்கு முன்பே எழுந்துவிட்டிருந்தார்கள்.

"எந்திரிக்காதீங்கக்கா, உக்காருங்க. அதான் பேரை எடுத்தாச்சே."

"ஆமா சின்ன மொதலாளி, பாத்தோம். நல்லா வழுவழுன்னு இருக்கு. நீங்க உக்காருங்க."

நான் உட்கார்ந்தால் அவர்களும் உட்காருவார்கள் என்று நினைத்தேன். உட்கார்ந்தேன். அன்றைக்கு உடம்பு பாதியில் நிற்கவில்லை, சுலபமாக இறங்கியது. கல் அவர்கள் உட்கார்ந்த சூட்டோடு இருந்தது. பக்கத்தில் இடத்தைத் தட்டிக் காட்டினேன். அவர்கள் வரவில்லை. மூன்று பேரும் எனக்கு முன்னால் வரிசையாக, கையைக் கட்டாத குறையாக நின்றார்கள். கிட்டங்கி ஆபீசில் நாற்காலியில் இருந்த அப்பாவுக்கு என்ன தெரிந்ததோ, அதேதான் எனக்கும் தெரிந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. சனத்தைக் குறை சொல்லியாயிற்று, வெட்டிய எழுத்தைத் தேய்த்தாயிற்று, இனி எதைத் தேய்ப்பது என்று தெரியவில்லை.

கடையில் ஆள் இல்லை என்று ஏதோ உளறிவிட்டு எழுந்தேன். நான் சரிவில் இறங்கி முடிகிற வரைக்கும் மேலே சத்தமே இல்லை. வளைவைத் தாண்டிய பிறகுதான் திரும்பவும் பேச்சு ஆரம்பித்தது.

இப்போது நான் பூங்காவுக்குக் காலையில் போகிறேன். செடிக்குத் தண்ணீர் விழுகிறதா என்று பார்த்துவிட்டு வந்துவிடுவேன். சாயங்காலம் அந்தப் பக்கம் போவதில்லை. நான் போனால் அக்கா எழுந்திருக்க வேண்டியிருக்கும்.