காலியாக வந்த டிபன் பாக்ஸ்

காலை 9.40. எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில், ஆபீஸ் காரில் இருந்தேன். போன் வந்தது.

"நிலாவோட அப்பாங்களா? வார்டு சிஸ்டர் பேசறேன். டாக்டர் ரவுண்ட்ஸுக்காக நின்னுட்டிருந்த நிலா மயங்கிட்டாங்க. பயப்படாதீங்க."

அப்படிச் சொன்ன பிறகு பயப்படாத அப்பா உண்டா? அந்த மேம்பாலத்தில் நினைத்த இடத்தில் இறங்கவும் முடியாது. சுற்றித் திரும்பி ஆஸ்பத்திரி போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் மூளை, இதயம் என்று என்னென்னவோ யோசித்துவிட்டேன்.

என் மகள் எம்.பி.பி.எஸ். கடைசி வருஷம். வார்டு ஓரத்துக் கட்டிலில், கையில் குளுக்கோஸ் ஏறப் படுத்திருந்தாள்.

"ஆபீஸ் போகலையாப்பா?"

கேட்கிற கேள்வியா இது?

ஈ.சி.ஜி. நார்மல் என்றார் சிஸ்டர். வெறும் வயிறு, தண்ணீரும் குடிக்கவில்லை, இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறாள். அவ்வளவுதான்.

"எப்படிம்மா? ஆறரைக்கே டிபன் கட்டிக் கொடுத்தேனே. தினமும் பாக்ஸ் காலியாத்தானே வருது?"

பக்கத்து ஸ்டூலில் இருந்த பெண்மணிதான் பேசினார். பெயர் செல்வி. கணவர் பீன்யா தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டுகிறவர். சர்க்கரையால் காலில் புண், மூன்று வாரமாக அந்த வார்டில் இருக்கிறார்.

"அத நாங்க சாப்புடறோம் சார். 'ஆறிடும், நீங்க சாப்புடுங்கக்கா'ன்னு இந்தப் பொண்ணு குடுத்துடும். சட்னில உப்புதான் கொஞ்சம் தூக்கல்."

சட்னி என் கைவரிசை.

"எங்க வூட்டுக்காரருக்கு தெனம் கிளாஸ் எடுக்கும் — நேரத்துக்கு சாப்புடணும், தண்ணி குடிக்கணும்னு. ஆனா அது மட்டும் குடிக்காது. பாத்ரூம் போன நேரம் பெரிய டாக்டர் வந்துட்டா?"

பெரிய டாக்டர் எப்போது வேண்டுமானாலும் வரலாம். அதனால் யாரும் எங்கேயும் நகர்வதில்லை. அதுதான் அங்கே வழக்கமாம்.

"மயங்கி வுழறப்ப கட்டில் கம்பில மண்ட பட்டிருக்கும் சார். எட்டிப் புடிச்சிட்டேன்."

கையெடுத்துக் கும்பிட்டேன்.

"விடுங்க சார். எத்தினி நாள் இட்லி சாப்புட்டிருக்கேன்."

ஊருக்கெல்லாம் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும் படிப்பு. தன் உடம்பைப் பார்த்துக்கொள்ள அதில் பீரியட் இல்லை. நான் மட்டும் என்ன? டிபன் கட்டியதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். சாப்பிட எப்போது நேரம் கிடைக்கிறது என்று ஒரு நாளாவது கேட்டேனா?

பதினொன்றேகாலுக்குப் பெரிய டாக்டர் வந்தார். அவசர ஆபரேஷன் முடித்து நேராக வந்திருக்கிறார். தலையில் தியேட்டர் தொப்பி அப்படியே இருந்தது. மாணவர்கள் விறைத்து நின்றார்கள். நிலா எழப் பார்த்தாள். படு என்று கையைக் காட்டினார். சார்ட்டைப் படித்தார். பிறகு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"காலைல யாரெல்லாம் சாப்பிடல?"

ஒவ்வொரு கையாக உயர்ந்தது. ஒன்றுகூட பாக்கியில்லை. கடைசியில் தன் கையையும் தூக்கினார்.

"நானும்தான். நடங்க கேன்டீனுக்கு. ரவுண்ட்ஸ் அப்புறம்."