பானட் மூடாத கார்

அந்தக் காரை அண்ணன் கடலோர ஊரான மண்டபத்துப் பக்கம் ஒரு பங்களாவின் பின்புறத்திலிருந்து வாங்கி வந்தான். டிராக்டர் டிரெய்லரில் ஏற்றி, கயிறு போட்டுக் கட்டி, அபிராமத்தைத் தாண்டி எங்கள் ஊருக்குள் நுழைந்தபோது தெருவே கூடிவிட்டது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். கூரை கிடையாது. முன்பக்கம் நீளமாக, பின்பக்கம் கட்டையாக, தரையோடு தரையாகக் கிடந்தது. உப்புக்காற்றில் வருசக்கணக்காக நின்றதில் அடித்தகடு கையால் உதிர்க்கிற பதத்தில் இருந்தது. பெட்ரோல் என்ஜின் துரு ஏறி இறுகிவிட்டிருந்தது.

"குளிக்கிற தொட்டிக்குச் சக்கரம் மாட்டுன மாதிரில்ல இருக்கு" என்றாள் எதிர்வீட்டுச் சித்தி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு, கயிற்றை அவிழ்க்கப் போனேன்.

அய்யா, எங்கள் அப்பா, வாசலுக்கு வந்து ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "ஏத்தா, களத்துல நிப்பாட்டக் கூடாதுன்னு சொல்லு. மொளகா காயுது."

அண்ணன் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். அவனும் என்னிடம்தான் சொன்னான்: "கொட்டகையில நிப்பாட்டிக்கிறேன்னு சொல்லு."

எங்கள் வீட்டில் பேச்சுவார்த்தை இப்படித்தான் நடந்தது. இரண்டு ஆம்பளைகளுக்கும் நடுவில் நான் ஒரு டெலிபோன் கம்பி.

காரணம் அம்மா. அவள் இறந்தபோது அண்ணன் வளைகுடாவில் ஒரு கார் கராஜில் மெக்கானிக்காக இருந்தான். முதலாளி பாஸ்போர்ட்டைக் கொடுக்கவில்லை, அவனால் வர முடியவில்லை. மகன் இருந்தும் இல்லாத வீடாக, அய்யாவே கொள்ளி வைத்தார். வருசா வருசம் தை அமாவாசைக்குச் சேதுக்கரைக்குப் போய், அம்மாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டதும் அவர்தான். அண்ணன் ஒரேயடியாக ஊர் திரும்பியதும் முதலில் கேட்டது அதைத்தான். இனிமேல் அம்மாவுக்குத் தான் தண்ணீர் விட வேண்டும் என்றான்.

"பாஸ்போர்ட்டப் புடுங்கி வச்சிக்கிட்டானாம். கையையும் காலையுமா புடுங்கி வச்சிக்கிட்டான்?" என்று அய்யா சுவரைப் பார்த்துச் சொன்னார். "நான் உசுரோட இருக்குற வரைக்கும் அவன் கை அந்தத் தண்ணியில படக்கூடாது. சொல்லிரு."

நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, அவன் கதவுக்கு அந்தப் பக்கம்தான் நின்றான்.

படுக்கையில் கிடந்த அம்மாவைத் தூக்கிக் குளிப்பாட்டியதும் கஞ்சி ஊட்டியதும் நான். நான் கல்யாணமாகிப் பரமக்குடியில் வாழப்போய், அந்த வாழ்க்கை நிலைக்காமல் திரும்பி வந்தவள். தண்ணீர் விடுகிற பேச்சில் என் பெயர் எந்தப் பக்கத்திலிருந்தும் வரவில்லை. எனக்கு அதில் ஆத்திரம் உண்டு. இப்போதும் உண்டு.

அண்ணன் ஊரில் ஒரு பட்டறை போட நினைத்திருந்தான். இந்தக் காரை உயிர்ப்பித்து ரோட்டில் ஓட்டிக் காட்டினால் நாலு பேர் வண்டியைக் கொண்டு வருவார்கள் என்பது கணக்கு. அதைவிடப் பெரிய கணக்கு ஒன்றையும் என்னிடம் மட்டும் சொன்னான். கார் ஓடிவிட்டால் அதில் அய்யாவைச் சேதுக்கரைக்குக் கூட்டிப் போவானாம். கடலைப் பார்த்ததும் அவர் மனசு இளகுமாம். "ரெண்டு சீட்டுத்தான இருக்கு. நான் எங்கன ஒக்காருறது?" என்று கேட்டேன். சிரித்தான்.

அந்தப் பழைய பெட்ரோல் என்ஜினுக்குச் சாமான் எங்குமே கிடைக்கவில்லை. மதுரையில் பழைய வண்டி உடைக்கிற இடத்திலிருந்து, விபத்தில் நொறுங்கிய ஒரு சரக்கு வேனின் டீசல் என்ஜினைக் கியர்பாக்ஸோடு கொண்டு வந்தான். சின்ன என்ஜின், காற்றை இழுத்து உள்ளே தள்ளுகிற டர்போ வைத்தது. இந்தக் காருக்குப் பின்சக்கரம்தான் ஓட்டம், அந்த வேனுக்கும் அப்படியே, அதனால் இரண்டிலும் என்ஜின் நீளவாக்கில்தான் படுக்கும் என்று விளக்கினான். படுத்தது. ஆனால் நிம்மதியாகப் படுக்கவில்லை. கியர்பாக்ஸ் நுழைய நடுத்தகட்டை வெட்ட வேண்டியிருந்தது. என்ஜினைத் தாங்கும் பட்டைகளைப் பரமக்குடி லேத்தில் கடைந்து வாங்கி வந்தான். எல்லாம் உட்கார்ந்த பிறகு பார்த்தால் என்ஜின் உயரம் கூடுதல், பானட் மூடவில்லை. காற்று வடிகட்டும் பெட்டியை வைக்கவும் இடமில்லை. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று டர்போவின் வாயைத் திறந்தபடியே விட்டான்.

"ரேஸ் காருக்குப் பம்புசெட்டு மாட்டுறானப்பா" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

அந்தப் பேச்சுதான் அய்யாவைக் கொட்டகைக்குக் கொண்டு வந்தது. பம்புசெட்டு அவருடைய சங்கதி. எங்கள் கிணற்றில் இருந்த டீசல் என்ஜினோடு பாதி ஆயுசைக் கழித்தவர், சத்தத்தை வைத்தே அதற்கு என்ன நோவு என்று சொல்லுவார். முதல் நாள் மிளகாயில் ஆயில் தெறிக்கிறது என்று சண்டை பிடிக்க வந்தார். மறுநாள் சும்மா வந்தார். அப்புறம் ஒரு பழைய சாக்கை மடித்துப்போட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.

"ஏத்தா, டீசல் பைப்புல காத்து அடைச்சிருக்கு. காத்தப் புடுங்கி விடச் சொல்லு."

"பாத்துட்டுத்தான் இருக்கேன்னு சொல்லு."

நான் அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு வந்து இந்த வேலையைப் பார்த்தேன். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு நாள் அய்யா ஸ்பானரை என்னிடம் நீட்டுவதற்குப் பதிலாக, அண்ணன் கைக்கெட்டும் இடத்தில் தரையில் வைத்தார். அண்ணன் எடுத்துக்கொண்டான். அன்றைக்கு நான் குழம்பில் உப்புப் போட மறந்துபோனேன், இருவரும் அதை அப்படியே சாப்பிட்டு எழுந்தார்கள்.

சில வாரம் கழித்து ஒரு நாள், உச்சிவெயில் நேரம். காரின் முன்பக்கத்தைப் பனங்கட்டைகளின் மேல் தூக்கி வைத்திருந்தான். பின்சக்கரத்துக்குப் போகிற தண்டு இன்னும் மாட்டவில்லை, என்ஜினை மட்டும் ஓட்டிப் பார்க்கத் திட்டம். ஆயில் எங்கே கசிகிறது என்று பார்க்க அண்ணன் அடியில் படுத்துக்கொண்டான். அங்கிருந்தே குரல் கொடுத்தான்: "அய்யாவச் சாவி போடச் சொல்லு."

அய்யா முதன்முதலாக அந்தக் காரில் ஏறி உட்கார்ந்தார். முழங்கால் நெஞ்சில் இடித்தது. அவர் உதட்டில் சிரிப்பு எட்டிப் பார்த்ததை நான் பார்த்தேன். சாவியைத் திருப்பினார். என்ஜின் பிடித்தது.

கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடியது. பிறகு யாரும் மிதிக்காமலே வேகம் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. வெள்ளைப் புகை கொட்டகையை அடைத்தது. அய்யா சாவியை அணைத்தார். நிற்கவில்லை. திரும்பத் திரும்ப அணைத்தார். கார் முழுக்க உதறியது. முன்பக்கத்துப் பனங்கட்டை ஒன்று இடம் விட்டு நகர்வதை நான் கண்ணால் பார்த்தேன். அடியில் அண்ணனின் கால்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன.

"ஏலே, வெளிய வாடா! வாடா வெளிய!"

அம்மா செத்த பிறகு அய்யா அவனிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது.

சொல்லிக்கொண்டே இறங்கி என்ஜினை நோக்கிப் போனார். எங்கள் பக்கத்தில் பம்புசெட்டு நிற்க மறுத்தால் செய்வது ஒன்றுதான். ஈரச் சாக்கையோ துணியையோ எடுத்துக் காற்று இழுக்கும் வாயை அடைப்போம். காற்று இல்லாவிட்டால் மூச்சு முட்டி நின்றுவிடும். நானே கிணற்றடியில் எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். அய்யா தோளில் கிடந்த துண்டைக் கையில் சுற்றினார், டர்போவின் திறந்த வாயில் வைத்து அழுத்தினார். பம்புசெட்டின் வாய்க்குப் பின்னால் வெறும் காற்றுதான் இருக்கும். இந்த வாய்க்குப் பின்னால் இரும்பு இறக்கை சுழன்றுகொண்டிருந்தது. துண்டை அது இழுத்தது. துண்டோடு கையையும் இழுத்தது.

என்ஜின் நின்றது. பனங்கட்டை தாங்கிக்கொண்டது. அண்ணன் புரண்டு வெளியே வந்தான், உடம்பில் ஒரு கீறல் இல்லை.

ராமநாதபுரத்து ஆஸ்பத்திரியில் வலது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போய்விட்டதாகச் சொன்னார்கள். மோதிர விரலில் பாதி மிச்சம். டர்போவுக்குள் ஆயிலைத் தடுக்கிற சீல் தேய்ந்து, என்ஜின் தன் ஆயிலையே குடித்து ஓடியிருக்கிறது, சாவியை அணைத்தால் டீசல்தான் நிற்கும், ஆயில் நிற்காது என்று பிற்பாடு எல்லோரும் விளக்கம் சொன்னார்கள். விளக்கம் சொல்ல ஆள் வந்துகொண்டே இருந்தது. மயக்கம் தெளிந்ததும் அய்யா என்னிடம் கேட்டார்: "ஏத்தா, அவனுக்கு ஒண்ணும் இல்லையே?" அண்ணன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். மறுபடியும் நான்தான் டெலிபோன் கம்பி.

அதன் பிறகு அண்ணன் காரைத் தார்ப்பாய் போட்டு மூடினான். பானட் மூடாததால் தார்ப்பாய் முன்பக்கம் தூக்கிக்கொண்டே நின்றது. பட்டறைப் பேச்சு நின்றுபோனது. இப்போது அவன் ஒரு சரக்கு வேனில் மிளகாய் மூட்டை ஏற்றிப் போகிறான். "வேலைய முடிக்கச் சொல்லு. சும்மா கெடந்து துருப்பிடிக்குது" என்று அய்யா சொல்லுவார். நான் போய்ச் சொல்லுவேன். அண்ணன் வேன் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான்.

தை அமாவாசைக்கு மூவரும் பஸ்ஸில் சேதுக்கரைக்குப் போனோம். அண்ணன் எங்களோடு தண்ணீர் பக்கம் வரவில்லை, துணிமணிப் பையை வைத்துக்கொண்டு மேட்டில் நின்றான். அய்யா ஈர வேட்டியோடு ஐயருக்கு முன்னால் உட்கார்ந்தார். தர்ப்பை மோதிரம் பாதி விரலில் நிற்காமல் கழன்றது. ஐயர் மறுபடி மாட்டினார், மறுபடி கழன்றது. உள்ளங்கையில் எள்ளை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். அம்மாவின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள், விரல் இல்லாத இடைவெளி வழியாக எள்ளும் தண்ணீரும் மணலில் ஒழுகிவிட்டன. அய்யா கையைச் சாய்த்துப் பார்த்தார், குவித்துப் பார்த்தார். மூன்றாம் தடவையும் ஒழுகியது. நான் அவருக்குப் பின்னால், பத்து விரலோடு நின்றுகொண்டிருந்தேன்.

ஐயர் தணிந்த குரலில் கேட்டார்: "மகன் இருக்காரா?"

அய்யா கடலைப் பார்த்தார். அந்தக் கேள்விக்கு அவர் இத்தனை வருசமாக இல்லை என்றுதான் சொல்லி வந்திருக்கிறார்.

"இருக்கான்" என்றார்.

மேட்டைப் பார்த்து இடது கையைத் தூக்கி, "ஏலே, வா" என்று கூப்பிட்டார். அண்ணன் வந்தான். எத்தனையோ நாளாகக் கேட்டு நின்றவன், அய்யாவின் வலது கையைப் பார்த்துவிட்டு உட்கார மாட்டேன் என்று தலையாட்டினான். அய்யா அந்தக் கையாலேயே அவன் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைக்கப் பார்த்தார். அழுத்தம் போதவில்லை. அதனால் நான் வந்து மறு தோளைப் பிடித்து அழுத்தினேன்.