மறவும் மறைவும்

விதி இதுதான்: “பரிசோதனை முடிந்த இரத்தம், சளி, சதைத்துண்டு, எலும்பு முதலானவை ஆஸ்பத்திரி எல்லைக்குள்ளேயே, பொதுமக்கள் கண்ணில் படாதவாறு, அன்றன்றே மறைவு செய்யப்படவேண்டும்.”

திருவிதாங்கூர்-கொச்சி சர்க்கார் மலையாளத்தில் போட்ட உத்தரவு அது. தமிழ் பேசும் தென் தாலுகாக்களுக்கென்று யாரோ ஒரு குமாஸ்தா செய்த தமிழ்ப் பிரதி மட்டும் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தது. மூலத்தை நாங்கள் பார்த்ததில்லை. நான் அப்போது அங்கே ரத்தப் பரிசோதனை அறையில் டெக்னீஷியன்.

அதுவரை உத்தரவு எதுவும் இல்லாமலே முறையாக நடந்துகொண்டிருந்தோம். ரத்தத்தைப் பின்பக்கம் புன்னைமரத்தடிக் குழியில் கொட்டிச் சுண்ணாம்பு தூவுவோம். கண்ணாடிக் குழாய்களைச் சோடா உப்புப் போட்டுக் கொதிக்கவைப்போம். பஞ்சை மண்ணெண்ணெய் ஊற்றி எரிப்போம். ஆப்பரேஷன் அறையிலிருந்து வரும் சதையையும் எலும்பையும் நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைப்போம். உத்தரவு வந்த அன்று இதெல்லாம் நின்றது.

டாக்டர் அதை இரண்டு முறை படித்தார்.

“மறைவு செய்யணும்னுதான் எழுதியிருக்கு. புதைக்கணும்னு எங்க இருக்கு?”

“புதைச்சாலும் மறைஞ்சுதானே சார் இருக்கும்?”

“அப்ப புதைக்கணும்னு எழுத அவனுக்குத் தெரியாதா? ஆடிட்டுல கேட்டா நீயா பதில் சொல்லுவ?”

இப்படித்தான் பழைய சமையல்கட்டு மறைவு அறை ஆயிற்று. ஜன்னல்களுக்குப் பலகை அடித்தார்கள். சாவி டாக்டரின் மேசைக்குள். சாயங்காலம் அதை வாங்கி, அன்றைய குழாய்களைக் கார்க்கு அடைத்து உள்ளே அடுக்கிவிட்டு, கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தருவேன். பெரிய பொருட்களுக்குக் கண்ணாடி ஜாடி கேட்டு எழுதினோம், வரவில்லை. குழித்துறைச் சந்தையிலிருந்து சீனாப் பரணிகள் வாங்கிவந்தார்கள், வீடுகளில் மாங்காய் ஊறுகாய் போடுகிற பரணிகள். பார்மலினை ஊற்றி மூடி போட்டோம். அதன் பிறகு எனக்கு ஊறுகாய் தொண்டைக்குள் இறங்கவில்லை.

ரத்தம் குழாய்க்குள் சும்மா இருப்பதில்லை. முதலில் மேலே மஞ்சளாகத் தெளியும், கீழே கட்டியாகும். பிறகு கறுக்கும். வெயில் காலத்தில் கார்க்கைத் தள்ளும். நான் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருக்கையில் பின்பக்கமிருந்து ‘டப்’ என்று ஒரு சத்தம் வரும்; யாரோ ஒருவர் வெளியே வந்துவிட்டார் என்று நினைத்துக்கொள்வேன். குழாய்கள் மேல் பெயர் ஒட்டியிருக்கும். கொட்டாரம் கடைத்தெருவில் ஒருவர் சைக்கிளை நிறுத்தி நலம் விசாரிப்பார். அவர் பேசுவது காதில் ஏறாது; மூன்றாம் தட்டில் அவர் நிற்கும் இடம்தான் கண்ணுக்குள் நிற்கும். செத்து அடக்கமும் ஆன சிலர் அந்தத் தட்டில் அப்படியே இருந்தார்கள். அவர்கள் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனால், மொத்தமாகப் போய்விட்ட ஒருவருக்கு அழுவதுபோல் அழ முடிவதில்லை.

அந்த நாட்களில்தான் ஒரு பனையேறியைக் கொண்டுவந்தார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும். வலது கணுக்காலுக்கு மேலே எலும்பில் கட்டி. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஒரு துண்டு சோதனைக்காகத் திருவனந்தபுரம் போயிற்று. மீதிக் கால் பரணிக்குள் போயிற்று.

அவர் அய்யாவழிக்காரர். அவர்கள் இறந்தவரை எரிப்பதில்லை. வடக்குப் பார்த்து, சம்மணமிட்டு உட்கார்ந்த நிலையில் மண்ணுக்குள் வைப்பார்கள். தர்மயுகம் பிறக்கும்போது எழும்பி வருவார்கள் என்பது நம்பிக்கை. புண் ஆறியதும் கக்கத்தில் கம்பை ஊன்றிக்கொண்டு என்னைத் தேடி வந்தார்.

“சாரே, எனக்க கால எங்க குழிச்சு வச்சிருக்கிய?”

“குழிக்கல. உள்ள பத்திரமா இருக்கு.”

“பத்திரமா? அதென்ன நகையா? தாருங்க, எங்க பனவிளையில குழிச்சிடுதேன். நான் போவச்சில வீட்டு ஆளுக அத எடுத்து எனக்க கூட வச்சிருவினும்.”

“வெளிய தர விதி இல்ல.”

“அது சரி. அய்யா கூப்பிடச்சில எல்லாவனும் எழும்பி நடப்பான். நான் மட்டும் நொண்டியடிச்சுட்டு உங்க ஆஸ்பத்திரியில வந்து வரிசையில நிக்கணுமாக்கும்!”

டாக்டரிடம் சொன்னேன். “மறைவு செஞ்ச பொருளை எடுத்துக் கொடுத்தா அது மறைவா?” என்று கேட்டார். அவர் தர்க்கத்தில் பிழை கண்டுபிடிக்க என்னால் இன்றுவரை முடியவில்லை.

சந்தை நாட்களில் அவர் வந்துகொண்டிருந்தார். “எப்படி இருக்கான் நம்ம ஆளு? தூங்குதானா?” என்று கேட்பார். சிரிப்போம். பிறகு அவருக்கு இருமல் தொடங்கியது. திருவனந்தபுரம் போன துண்டு என்ன சொல்லியிருந்தது என்று எனக்குத் தெரியும். அந்தக் கட்டி நெஞ்சுக்கு ஏறினால் இருமலாகத்தான் வரும்.

இதற்கிடையில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. மனைவி குழித்துறைக்காரி, பள்ளிக்கூட ஆசிரியை. தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் வரும். ஏன் ஊறுகாயைத் தொடுவதில்லை என்று கேட்டாள். உத்தரவை வரிபிசகாமல் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தாள்.

“மறைவு செய்யணும்னா? மலையாளத்துல ‘மறவு செய்க’ண்ணு இருந்திருக்கும். இஞ்ச கேளுங்க, எங்க ஊருல ஆளு செத்தா ‘மறவு செய்தாச்சா’ண்ணுதான் கேப்பினும். குழிச்சு மூடுயதாக்கும் மறவு.”

“நிச்சயமாவா?”

“பின்ன? படிச்ச ஆளுங்க எல்லாம் சேந்து ரத்தத்த ஒளிச்சு வச்சு வெளையாடுதியளா?”

குமாஸ்தா ஓர் ஐகாரத்தைத் தானமாகக் கொடுத்திருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது.

“உன் பொண்டாட்டியா சுகாதார டைரக்டர்?” என்றார் டாக்டர், மறுநாள் நான் போய்ச் சொன்னதும். இருந்தாலும் பயந்திருக்க வேண்டும். உத்தரவில் கண்ட சொல்லுக்குப் புதைத்தல் என்று பொருளா, ஒளித்தல் என்று பொருளா, தெளிவுபடுத்த வேண்டுகிறோம் என்று நான் எழுதிக் கொடுத்ததில் கையெழுத்திட்டார். பதில் வரும்வரை எதையும் அசைக்கக் கூடாது என்றார். பதில் இல்லை. நினைவூட்டுக் கடிதம் போட்டோம். அதற்கும் இல்லை.

பனையேறியிடம் விஷயத்தைச் சொன்னேன். இருமலுக்கு நடுவே கவனமாகக் கேட்டார்.

“அப்ப சட்டப்படி எனக்க காலு மண்ணுக்குள்ள இருக்கணும்?”

“ஆமா.”

“அத சட்டப்படி செய்யியதுக்கு இனி சட்டம் வரணும். அப்படித்தானே சாரே?”

1956இல் எங்கள் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தில் சேரப்போகின்றன என்று முடிவாயிற்று. டாக்டர் கேரளத்திலேயே இருந்துகொள்வதாக எழுதிக் கொடுத்துத் திருவனந்தபுரம் போய்விட்டார், புதியவர் வரவில்லை. சாமான்களை இரண்டு சர்க்காரும் பங்கு பிரித்து முடிக்கும்வரை பூட்டிய அறைகள் அப்படியே இருக்க வேண்டுமென்று, ஓர் உத்தியோகஸ்தர் வந்து மறைவு அறைப் பூட்டின்மேல் அரக்கு முத்திரை வைத்தார். உள்ளே என்ன என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எந்தத் தலைப்பில் பதிவார் என்பது எனக்கும் தெரியாது.

ஐப்பசி மழையில் பனையேறியின் மனைவி நனைந்துகொண்டு வந்து நின்றாள்.

“சாரே, அவரு போயிட்டாரு. இருத்தி வச்சாச்சு. இருட்டுயதுக்கு முன்ன மண்ணு போடணும். கால தாருங்க.”

அறை வாசலுக்குக் கூட்டிப்போய் அரக்கைக் காட்டினேன். சர்க்கார் முத்திரையை உடைத்தால் என்ன தண்டனை என்று எனக்குத் தெரியும். உடைக்காவிட்டால் என்ன தண்டனை என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை.

அவள் கதவைப் பார்க்கவில்லை. சுவரடியைப் பார்த்தாள். உள்ளே ஏதோ பரணி விரிசல் விட்டிருக்க வேண்டும், குழாய்களும்தான். மழை தொடங்கியதிலிருந்து சுவரின் காலடியில் கறுப்பும் சிவப்புமாக ஓர் ஈரம் கசிந்துகொண்டிருந்தது.

“எந்தப் பக்கம் இருக்கு, அவருக்க காலு?”

“இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான்.”

குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் அந்தச் சேற்றை வழித்து முந்தானையில் போட்டாள். முந்தானை கனத்துத் தொங்கியது. நிமிர்ந்து பார்த்தாள்.

“இதுல கொஞ்சமாவது அவரு இருப்பாருல்லா?”

“இருப்பாரு,” என்றேன்.

நானும் கூடப் போனேன். குழிக்குள் வடக்குப் பார்த்து, நெற்றியில் நாமத்தோடு உட்கார்ந்திருந்தார். இடது கால் மடிந்திருந்தது. வலது கால் இருக்கவேண்டிய இடத்தில் அந்தச் சேற்றை வைத்து, தட்டித் தட்டி ஒரு காலாகப் பிடித்தார்கள். மேலே மண் விழுந்தது. அந்தச் சேற்றில் ஊரில் பாதிப் பேர் இருந்தார்கள் என்று எனக்கு மட்டும் தெரியும். அவர் எழும்பும்போது அந்தக் காலில் யார் யார் எழும்புவார்களோ.

பரணியைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: பின்னால் சென்னைக்காரர்கள் வந்து முத்திரையை உடைத்து, எல்லாவற்றையும் ஒரே குழியில் கொட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். உத்தரவைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது. இப்போது அந்த இடத்தில் சைக்கிள் ஸ்டாண்டு. பென்ஷன் காரியமாக அந்தப் பக்கம் போகவேண்டி வந்தால் நான் நடந்துதான் போகிறேன்.

அவரை மண்ணில் வைத்த ஈரம் காய்வதற்குள் பதில் வந்தது. மலையாளத்தில் ஒரே வரி: ‘உத்தரவில் கண்டபடி மறவு செய்க.’ ஐகாரம் இல்லை. வெளியே வெடி போட்டு மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்; அன்று காலைமுதல் நாங்கள் சென்னை ராஜ்யம், திருவனந்தபுரத்து உத்தரவு எதுவும் எங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் வந்த கடிதத்தின் மேல் வந்த தேதியைப் போடவேண்டும் என்பது முறை. போட்டேன்: 1-11-1956.